பழைய எண், புதிய எண்

பெருங்குடி. ஏழாம் மாடி.
தண்ணீர் லாரி கேட்டு வந்த
ஒன்பது லட்சம் முகவரிகள்.
ஒவ்வொன்றிலும் கதவு எண்ணை
உருவி எடுக்க வேண்டும்.
இந்த ஊரில் அது ஓர் எண் இல்லை.
ப.எண் 14, பு.எண் 31.
சிலர் புதிதை முதலில் போடுவார்கள்.
சிலர் 14/31 என்று சாய்கோடு இழுத்து
எது பழசு என்று சொல்லாமல் போவார்கள்.
சூளையில் ஒருவர்:
"31, ஆனா 14ன்னு கேட்டாத்தான் தெரியும்."

பிரமிளா ஒரே வரியில் எழுதினாள்.
நட்சத்திரம், கேள்விக்குறி, வளைவுக்குள் வளைவு.
தயாநிதி எட்டிப் பார்த்து
"கீபோர்டுல பல்லி விழுந்துச்சா?" என்றான்.
பலன் என்னவென்று அவள் சொல்லவில்லை.

நான் கையால் எழுதினேன்.
நூற்றுப் பன்னிரண்டு வரி.
எழுத்து எழுத்தாய் நடந்து,
இலக்கம் வந்தால் நின்று,
காற்புள்ளி வந்தால் தாண்டி,
ரேஷன் கடையில் விரல் வைத்துப்
பெயர் தேடுகிறவரைப் போல.

அளந்தோம்.
அவளுடையது ஆறு நொடி.
என்னுடையது பத்தொன்பது.
எரிந்தது, மறைப்பானேன்.
அவள் வரிக்கு அடியில் சி மொழியில் கட்டிய எஞ்சின்.
என் வளையம் பைத்தானில், பொடிநடை.
கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல் அவள்,
கீழே சிக்னலில் நான்.

தமிழில் வந்த முகவரிகளில் மட்டும்
அவள் வரி தடுக்கியது.
சூளைமேடு அதற்கு
ச, ள, ம, ட.
கொம்பையும் சுழியையும்
எழுத்தென்று ஒப்பவில்லை.
மதியம் முழுக்க எனக்கு இதே நினைப்பு:
அவள் வரியில் புள்ளி என்றால்
எந்த எழுத்தும் வரலாம்.
நாம் புள்ளி வைத்தால்
எழுத்தின் உயிர் போய்விடும்.

மாலைக்குள் சரிசெய்துவிட்டாள்.
அப்போதும் ஆறு நொடிதான்.
என்னுடையதைக் கிடப்பில் போட்டோம்.

வெள்ளி இரவு இரண்டே முக்கால்.
சர்வர் நூறில் நின்று கொதிக்கிறது.
விலாசம் வராமல் நானூறு லாரிகள்.
தோண்டித் தோண்டி
ஒரே ஒரு முகவரியில் வந்து முட்டினேன்:

வியாசர்பாடி, ப.எண் 6, பு.எண் 6/2,
வாரியப் பலகையில் 118,
பம்ப் ரூம் எதிரில்

அதற்கப்புறம் முப்பத்து நான்கு புள்ளிகள்.
அவ்வளவுதான்.

அவள் வரி கடைசியில் பின்கோடைத் தேடும்.
கூட்டல் குறிக்குள் இன்னொரு கூட்டல் குறி.
முப்பத்து நான்கையும் ஒரே பிடியாய் அள்ளும்.
பின்கோடு இல்லை. திரும்பும்.
முப்பத்து மூன்றும் ஒன்றும்.
இல்லை. திரும்பும்.
முப்பத்திரண்டு, ஒன்று, இன்னும் ஒன்று.
திரும்பும்.
முப்பத்து நான்கு புள்ளியைக் கூறுபோட
எண்ணூற்று ஐம்பத்தொன்பது கோடி வழி.
எல்லாமே முட்டுச்சந்து என்று
கடைசிச் சந்துவரை போய்ப் பார்க்காமல்
அது நம்பாது.

என் நிரலை எழுப்பினேன்.
புள்ளி, தாண்டு. புள்ளி, தாண்டு.
முடிந்தது. பின்கோடு: காலி.
மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.
பிரமிளா உள்ளே இருந்த கூட்டலைக் கிள்ளி எறிந்தாள்.
அதே புள்ளிகளை அவள் வரி
இப்போது ஒரே தாவில் கடந்தது.
பிறகு என் பக்கம் திரும்பி,
"நீ லீவுல போனா
இந்த நூத்திப் பன்னெண்ட யாரு படிக்கிறது?"
ஒரு பிழையையும் காட்டினாள், எண்பதாம் வரியில்:
6/2 என்பதை நான் பழசு ஆறு, புதுசு இரண்டு என்று
பிரித்து வைத்திருந்தேன்.

பின்கோடுக்காக அந்த எண்ணுக்கு போன் போட்டேன்.
பெயர் ஏசுபாதம்.
எதுக்கு சார் அத்தனை புள்ளி?
"பேப்பர் ஃபாரத்துல புள்ளிக்கோடு இருக்கும்ல,
அதேமாரி வச்சேன்.
நம்பர் எனக்குத் தெரில.
நீங்க எழுதிப்பீங்கன்னு எடம் வுட்டேன்."

லாரி வந்துச்சா?

"வந்துச்சு, சனிக்கெழம.
பாதி."